சோழவரத்தில் கொடி பிடித்தவர்கள்

செம்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். உறவுமுறையில் எனக்கு மாமா. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலைபார்த்து, ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பியவர். சென்ற கோடை விடுமுறையில் வெள்ளையடிப்பதற்காக வீட்டுப் பரணைக் காலிசெய்தபோது எனக்குச் சொல்லி அனுப்பினார். தமிழ் வாத்தியார் என்றால் எந்தப் பழந்தாளையும் படித்துவிடுவான் என்பது எங்கள் ஊராரின் நம்பிக்கை. நிலப் பத்திரங்கள், கூட்டுறவுச் சங்க ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள். இவற்றினிடையே நான்காக மடித்த ஒரு நீளத் தாள் கிடந்தது. பென்சிலால் போட்ட கட்டங்கள், கட்டங்களுக்குள் வெறும் எண்கள். 7, 22, 14, 3, 31 என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில் 7, 14, 22, 3, 31. ஏதோ சீட்டுக் கணக்கு என்று எண்ணித் தனியே எடுத்து வைத்தேன்.

"அத இங்க குடு மாப்ளே. அது சோழவரம்" என்றார்.

சென்னைவாசிகளுக்குச் சோழவரம் என்றால் இன்று குடிநீர் தரும் ஏரி. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தப் பெயரைச் சொன்னால் கார்ப் பந்தயம்தான் நினைவுக்கு வரும். நகரத்துக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையின் பக்கத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. போர் முடிந்தபின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அங்கேதான் 1950-கள் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் காரும் மோட்டார் சைக்கிளும் பந்தயம் ஓடின. பந்தயங்களை நடத்தியது 1953-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்.

போர் கைவிட்டுச் சென்ற ஓடுதளத்தில் பந்தயம் ஓடுவது நம் ஊர்ச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோனும் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போர்க்காலத்தில் கட்டிய தளம்தான். 1948 அக்டோபரில் அங்கே முதல் பெரும்பந்தயம் நடந்தபோது, பாதையை வகுத்துக்காட்ட வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும்தான் அடுக்கினார்கள். குட்வுட், ஸ்னெட்டர்டன், த்ரக்ஸ்டன் எல்லாமே அவ்வாறு விமானத் தளத்திலிருந்து பந்தயக் களமாக மாறியவை. போர் முடிந்த உலகில் நீண்ட, மேடுபள்ளமில்லாத, ஆள் நடமாட்டமற்ற கெட்டித்தரை எங்கெங்கு மிஞ்சியதோ அங்கெல்லாம் வண்டிப் பித்துக்கொண்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சோழவரம் அந்தக் குடும்பத்தின் கீழைநாட்டுக் கிளை.

சோழவரத்தின் வரலாறு என்று எழுதப்படுவனவற்றைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் ஓட்டியவர்களின் வரலாறு அது. ஜாகுவார் முதலான உயர்ரகக் கார்களோடு வந்திறங்கிய கோண்டல் மகாராஜா. 1980-களின் தொடக்கத்தில் என்சைன் என்னும் ஃபார்முலா ஒன் காரையே வரவழைத்து ஓட்டிய விஜய் மல்லையா. கோயம்புத்தூரின் கரிவர்தன். இவருக்கு மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கார் இறக்குமதி எளிதல்லாத காலத்தில், இங்கே கிடைத்த உதிரிப்பாகங்களைக்கொண்டே பந்தயக் கார்களைக் கட்டியவர். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, 1980-களின் இறுதியில் பணக்காரரல்லாத இளைஞர்க்கும் ஒற்றை இருக்கைக் காரில் உட்காரும் வாய்ப்பைத் திறந்துவிட்டது. 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். இவர்களைச் சுற்றி ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும், புல்லட்டும் ஜாவாவும் ராஜ்தூத்தும். வார நாளில் அலுவலகம் போகும் வண்டியைச் செப்பனிட்டு, தேவையற்ற இருக்கையைக் கழற்றி எறிந்து, ஓட்டிவந்து பந்தயத்தில் நிறுத்தியவர்கள் பலர்.

இந்தப் பெயர்களெல்லாம் மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன சோழவரம் வேறு ஒன்று.

விமான ஓடுதளம் பந்தயப் பாதை ஆகாது. அது நேர்க்கோடு. வளைவு கிடையாது, வேலி கிடையாது, பார்வையாளர் உட்கார இடம் கிடையாது, நிழல் அறவே கிடையாது. இராணுவத்துக்குரிய நிலமாகையால் நிரந்தரமாக எதையும் கட்டி வைக்கவும் இயலாது. ஆகவே ஆண்டுதோறும் பந்தய நாட்களுக்காக அதை ஒரு களமாகச் செய்ய வேண்டும். முடிந்ததும் பழையபடி வெட்டவெளியாக்கித் திருப்பித் தர வேண்டும். குறுக்கும் நெடுக்குமான ஓடுதளங்களை இணைத்து வளைவுகள் வகுக்க வேண்டும். கயிறு கட்டவும் பந்தல் போடவும் தண்ணீர் கொண்டுவரவும் ஆள் வேண்டும். நகரத்திலிருந்து பேருந்து பேருந்தாக வந்திறங்கும் கூட்டத்தைக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிறுத்த வேண்டும். ஆடு மாடும் நாயும் பாதைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் கூலி கொடுத்து ஆள் வைக்கும் நிலையில் எந்தச் சங்கமும் இல்லை. சங்கத்து உறுப்பினர்கள், அவர்களுடைய தம்பிகள், பணிமனைத் தோழர்கள், கல்லூரி மாணவர்கள் என்று யார் யாரோ வந்து நின்றார்கள். மாமாவின் மேற்பார்வையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடியவராம். "ஞாயித்துக்கெழம சும்மாதானடா இருக்க, வா" என்று அழைத்துப் போயிருக்கிறார். முதல் இரண்டு வருடம் எண் எழுதும் வேலை. பிறகு கொடி.

*

கொடி பிடிப்பவருக்குப் பந்தய மொழியில் மார்ஷல் என்று பெயர். இச்சொல்லின் வேரைத் தேடிப் போனவனுக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. பழைய ஜெர்மானிய மொழியில் குதிரை என்னும் பொருளுடைய ஒரு சொல்லும் ஏவலாள் என்னும் பொருளுடைய ஒரு சொல்லும் சேர்ந்து உண்டானது அது. லாயத்துப் பணியாளன். பின்னாளில் அரசவையில் பதவியாகி, படையில் மிக உயர்ந்த பட்டமாகவும் ஏறிப்போய்விட்டது. பந்தயக் களத்தில் மட்டும் அச்சொல் ஏறக்குறையப் பழைய இடத்திலேயே நிற்கிறது: வண்டியின் பக்கத்தில், தரையில்.

தமிழில் இதற்கு நேரான சொல் வாதுவன். குதிரையைப் பழக்கிப் பேணுபவன். சங்கப் பாடல்களைப் பாடம் நடத்துகிறவர்களுக்கு வலவன் நெருக்கமானவன், தேரைச் செலுத்துபவன். முல்லைத் திணையில் வினைமுடித்துத் திரும்பும் தலைவன் வலவனிடம் பேசாத பாட்டு குறைவு. விரைந்து ஓட்டு என்பான், மெல்ல ஓட்டு என்பான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்த தலைவனை அகநானூற்றின் நான்காம் பாட்டில் பார்க்கிறோம். வாதுவனிடம் அந்த அளவுக்குப் பேசிய தலைவன் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஓட்டுபவனைப் பாடுவது நம்மிடமும் பழைய பழக்கம்தான்.

மோட்டார்ப் பந்தயத்தின் அதிகாரச் சொற்கள் பெரும்பாலும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1907-இல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் கார்ப் பந்தயத்துக்கென்றே முதல் பாதை கட்டப்பட்டபோது, எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது குதிரைப் பந்தயம். ஆகவே அதிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். களத்துக்குப் பொறுப்பாளர் கிளார்க் ஆஃப் தி கோர்ஸ். வழக்குத் தீர்ப்பவர் ஸ்டூவர்ட். வண்டிகள் நிற்குமிடம் பேடக். தொடக்கத்தில் காரோட்டிகள் எண்ணுக்குப் பதிலாக ஜாக்கிகளைப் போல வண்ணச் சட்டை அணிந்தே ஓடினார்கள். சோழவரத்தில் எங்கள் மாமா மார்ஷலாக நின்றது இந்தப் பரம்பரையில்தான்.

மார்ஷலின் வேலை என்ன? வண்டிகள் ஓடும்போது ஓட்டுநருக்குச் செய்தி சொல்ல வேறு வழியில்லாத காலம் அது. காதுக்கு எஞ்சின் ஓசை தவிர எதுவும் எட்டாது. கண் மட்டும்தான் மிச்சம். எனவே கொடிகள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. நீலம், பின்னால் உன்னைவிட வேகமானவன் வருகிறான். வெள்ளை, மெதுவாகப் போகும் வண்டி ஒன்று பாதையில் இருக்கிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரையில் எண்ணெய், சறுக்கும். சிவப்பு என்றால் பந்தயமே நின்றது. கறுப்பு, எண்ணைக் காட்டி ஒருவனை மட்டும் வெளியேற்றுவது. கட்டம்போட்ட கொடியை மட்டுமே உலகம் அறியும். அது ஒருவர் கையில் ஒரு தடவை அசைவது. ஏனைய கொடிகளோடு ஏனையோர் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

ஒரு வளைவில் இருவர் நிற்பது முறை. ஒருவர் வரும் வண்டிகளைப் பார்த்து நிற்பார். மற்றவர் அவருக்கு முதுகைக் காட்டி, போகும் வண்டிகளைப் பார்ப்பார். போகும் திசையில் ஒரு வண்டி தடம்புரண்டால் இரண்டாமவர் மஞ்சளை அசைக்க வேண்டும். அப்போது அவர் முதுகுப் பக்கமாக வண்டிகள் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் முதுகை முதலாமவர் பார்த்துக்கொள்கிறார். வண்டி ஒன்று பாதையைவிட்டு இவர்களை நோக்கி வந்தால் கத்த வேண்டியவர் அவர்.

"அப்ப பந்தயத்த எப்ப மாமா பாப்பீக?"

"எங்குட்டுப் பாக்குறது? ஒரு வளைவுல வருது, போகுது. அம்புட்டுத்தான். அத்தன வருசம் நின்டிருக்கேன், ஜெயிச்சு வந்து கோட்டைத் தாண்டுறத ஒரு தடவகூடப் பாத்ததில்ல. பஸ்ஸுல திரும்பி வரும்போது யாரு மாப்ளே ஜெயிச்சதுன்னு கூட்டத்துல ஒருத்தன்கிட்டக் கேட்டுக்குவேன்."

அந்தப் பேருந்துக்குக் கட்டணம் கொடுத்ததும் அவர்தான்.

இதைக் கேட்டபோது எனக்குத் தேரோட்டம் நினைவுக்கு வந்தது. தேருக்கு வடம் பிடிப்பது மரியாதை. முதலில் யார் வடத்தைத் தொடுவது என்பதில் ஊருக்குள் வழக்கே நடக்கும். ஆனால் தேர் வளைவில் திரும்புவதும், இழுப்பவர்கள் மேல் ஏறாமல் நிற்பதும் சக்கரத்துக்குக் கீழே கட்டை போடுபவர்களால். ஆளுயரத்துக்கும் மேலான சக்கரம் உருண்டு வரும்போது அதன் அருகே குனிந்து, கட்டையைக் கொடுத்து, கையை எடுத்துவிட வேண்டும். அந்த வேலையில் விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. அந்தக் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். தமிழில் அச்சொல் என்ன ஆயிற்று பாருங்கள். நல்ல காரியத்தைக் கெடுப்பவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். தேரை ஓடவைத்தவனின் கருவியை வசைச்சொல்லாக்கிவிட்டோம். 'அமெச்சூர்' என்னும் சொல்லும் இப்படித்தான். நேசிப்பவர் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இன்று 'அமெச்சூர்த்தனம்' என்று எழுதினால் திறமையின்மை என்று பொருள். இலக்கியச் சிற்றிதழ் நடத்திய யாருக்கும் இது புதிதாக இராது.

*

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

மின்னணுக் கருவி வண்டியிலேயே பொருத்தப்பட்டுத் தானாக நேரம் கணிக்கும் வசதி பிற்காலத்தது. அதற்கு முன்பு உலகெங்கும் பந்தயங்களை நிறுத்துகடிகாரமும் பென்சிலும்தான் கணக்கிட்டன. கோட்டருகே ஒருவர் உட்கார்ந்து, தாண்டும் வண்டியின் எண்ணை உரக்கச் சொல்வார். மற்றவர் எழுதுவார். முதல் வண்டி மறுபடியும் கோட்டைத் தாண்டினால் புதிய பத்தி. ஒரு சுற்றுக்கு ஒரு பத்தி. ஐந்து வண்டிகள் ஒரே சமயத்தில் பாய்ந்தால் ஐந்து எண்களையும் வரிசை மாறாமல் பிடிக்க வேண்டும். சுற்றுக் கணக்கில் பின்தங்கிய வண்டி முன்னோடியின் பக்கத்தில் ஓடும்போது, அது எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதை எழுதுபவர் மறக்கக் கூடாது. பந்தயம் முடிந்து தகராறு எழுந்தால் இந்தத் தாள்தான் சாட்சி.

சுவடி படித்துப் பழகியவனுக்கு இந்தத் தாளைப் படிப்பது எளிதாகவே இருந்தது. முதல் பத்தியில் மூன்றாவதாக நின்ற 14 அடுத்த பத்தியில் இரண்டாவதாக ஏறுகிறது. நான்காவது பத்தியில் 7-ஐயும் தாண்டி மேலே போகிறது. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றிலும் தலையில் நிற்பது 14. எட்டாவது பத்தியில் 14 இல்லை. ஒன்பதில் இல்லை. பிறகு கடைசி வரை இல்லை. வேறு குறிப்பு எதுவும் தாளில் கிடையாது. ஓட்டியவர்களின் பெயர்கள் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை.

ஏடெழுதிய பழைய ஆட்களில் சிலர் இறுதியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது என்று ஒரு வரி சேர்ப்பதுண்டு. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏடு தந்தவர், உடனிருந்து ஒப்புநோக்கியவர் என்று பெயர் பெயராக எழுதிவைத்தார். அந்தப் பட்டியலை மாணவர்கள் தாண்டிப் படிப்பார்கள். நானும் மாணவனாக இருந்தபோது தாண்டியவன்தான். இப்போது முன்னுரையைத்தான் முதலில் படிக்கிறேன். மோட்டார்ப் பந்தய வரலாற்றுக்கு அப்படி ஒரு முன்னுரை எழுதப்படவில்லை.

பெயர் இல்லாமல் போவதன் முழுப்பொருளையும் அறிய 1977 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஃபார்முலா ஒன் பந்தயம். ரென்சோ சோர்சி என்பவரின் கார் பாதையோரம் நின்றுவிட்டது, சிறு தீ. எதிர்ப்புறத்திலிருந்து இரண்டு மார்ஷல்கள் பாதையைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். ஒருவர் கடந்துவிட்டார். இன்னொருவர் தீயணைப்பு உருளையைச் சுமந்து ஓடிய பத்தொன்பது வயது இளைஞர். மேட்டுக்கு அப்பாலிருந்து வந்த டாம் பிரைஸின் கார் அவர்மேல் மோதியது. உருளை பிரைஸின் தலையைத் தாக்கியது. இருவரும் அக்கணமே இறந்தார்கள். இளைஞரின் உடல் அடையாளம் காண முடியாதவாறு சிதைந்திருந்தது. பந்தயம் முடிந்தபின் மார்ஷல்கள் எல்லாரையும் வரவழைத்து, யார் வரவில்லை என்று பார்த்தே அவர் இன்னார் என்று அறிந்தார்கள். ஃபிரெடரிக் யான்சன் வான் வூரன். வருகைப் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்ததனால் தெரியவந்த பெயர்.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1973 ஜூலை 29 அன்று, ஹாலந்தின் சான்வோர்ட்டில் வேறுவிதமாக நடந்தது. ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. சக ஓட்டுநர் டேவிட் பெர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தனி ஆளாக அதைப் புரட்டப் போராடினார். பக்கத்தில் நின்ற மார்ஷல்கள் தீயை நெருங்கவில்லை. உலகமே தொலைக்காட்சியில் பார்த்து அவர்களைப் பழித்தது. அவர்களுக்குத் தீ தாங்கும் உடை தரப்படவில்லை என்பது பழித்தவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெர்லிக்கு வீரப்பதக்கம் கிடைத்தது, தகுதியானவருக்கே கிடைத்தது. ஆனால் சாதாரணச் சட்டையோடு தீயின் முன் நிறுத்தப்பட்டவர்களை அங்கே நிறுத்தியது யார் என்னும் கேள்வி பதக்கத்தோடு முடிந்துவிடவில்லை. பந்தயத்தின் பாதுகாப்பும் மருத்துவமும் அந்தப் பத்தாண்டில்தான் மெல்லச் சீர்பட்டன. அதற்குப் பிறகும் 2000-இல் மோன்சாவில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்த்தி, 2001-இல் மெல்பர்னில் கிரகாம் பெவரிட்ஜ் என்று கழன்று பறந்த சக்கரங்களுக்கு மார்ஷல்கள் பலியாகவே செய்தார்கள்.

மாமாவிடம் கேட்டேன், தீப்பிடித்தால் என்ன உடை போட்டிருந்தீர்கள் என்று. "பருத்திச் சட்டதான். நைலான் போட்டு வராதேன்னு சொல்லுவாக" என்றார்.

*

இதை எழுதும்போது ஒரு மனக்கசப்பு உண்டாகாமல் இல்லை. ஓட்டியவர்களில் அரச குடும்பத்தினரும் ஆலை முதலாளிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். வெயிலில் நின்றவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். செல்வர்களின் விளையாட்டுக்கு எளியவர்கள் கூலியின்றி உழைத்ததைத் தொண்டு என்று அழகிய பெயரிட்டு அழைப்பது சரிதானா? வெட்டி வேலைக்கும் தொண்டுக்கும் இடையே கோடு எங்கே? மாணவர்களோடு இதைப் பேசியபோது ஒரு மாணவி "கோயில் வேலைன்னாலும் இதே கேள்விதானே சார்" என்றாள். சரியான கேள்வி.

முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. சங்க அமைப்பில் ஓட்டுபவனும் நிற்பவனும் நிரந்தரமாகப் பிரிந்த இரு சாதிகள் அல்லர். தன் பிரிவுப் பந்தயம் முடிந்ததும் கொடி பிடிக்க வந்து நின்ற ஓட்டுநர்கள் உண்டு. சங்கத்தை நடத்தியவர்களில் வசதியானவர்களும் தம் கைக்காசைச் செலவிட்டார்கள். இந்து சந்தோக் போன்றவர்கள் ஓட்டுவதோடு நில்லாமல் நடத்துவதிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். நாடு முழுவதற்குமான மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு 1970-களின் தொடக்கத்தில் உருவாகிச் சென்னையில் நிலைகொண்டதும் அத்தகைய உழைப்பால்தான். பின்னாளில் அவர் பேரன் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். மாமாவிடம் என் ஐயத்தை வைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கூலி குடுத்தா எவன் நிப்பான் அங்க? கூலிக்கு வந்தவன் மத்தியானம் நெழலத் தேடிப் போயிருவான்ல" என்றார். என் ஐயம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் கோபத்தையும் பதிவு செய்கிறேன், அவ்வளவே.

தொண்டர் சங்கம் ஒன்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இருங்காட்டுக்கோட்டை சான்று. இரவல் நிலத்தில் எத்தனை நாள் ஓடுவது என்று எண்ணிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், திருப்பெரும்புதூர் அருகே நிலம் வாங்கித் தானே ஒரு பாதை அமைத்தது. 1990-இல் பந்தயம் அங்கே இடம்பெயர்ந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றம் பெற்றிருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கியது இந்தப் பாதையில்தான். 2005 மார்ச்சில் மெல்பர்னில் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் பெயரில் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் இன்னொரு பாதை திறக்கப்பட்டது.

சென்னையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் விடுதி நண்பன் ஒருவனோடு நானும் இரண்டு நாட்கள் இருங்காட்டுக்கோட்டையில் போய் நின்றிருக்கிறேன். வண்டி பற்றி எதுவும் தெரியாது. மதிய உணவு உண்டு என்றான், போனேன். விடியும் முன்பே ஒரு கூட்டம். செய்யக்கூடாதவற்றின் பட்டியலை உரத்துச் சொன்னார்கள். வண்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. படம் எடுக்காதே. கைதட்டாதே. யார் ஓட்டினாலும் உனக்கு அது எண் மட்டுமே. கொடி அனுபவசாலிகள் கையில். எனக்குக் கிடைத்தது துடைப்பம். வளைவில் சரளையும் மண்ணும் பாதைக்கு ஏறிவிட்டால், இரு பந்தயங்களுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் ஓடிப்போய்க் கூட்டித் தள்ளிவிட்டு ஓடிவர வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு வண்டி நாங்கள் நின்ற இடத்தருகே சுழன்று நின்றது. நால்வர் ஓடித் தள்ளினோம். தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு ஜோடிக் கண்கள் எங்களை ஒரு நொடி பார்த்தன. அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எண் மட்டும் நினைவிருக்கிறது, 9.

கடைசிப் பந்தயம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. வேகம் குறைத்து இறுதிச் சுற்று வரும் வண்டிகளைப் பார்த்து ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்கள் தம் கையிலுள்ள கொடிகளையெல்லாம் சேர்த்து அசைப்பார்கள். ஓட்டுநர்கள் கையை உயர்த்திக்கொண்டு போவார்கள். எந்த விதியிலும் அது இல்லை என்று நினைக்கிறேன். துடைப்பத்தை அசைத்தேன்.

2011 அக்டோபரில் நொய்டாவுக்கு அருகே இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, முதல் நாள் பயிற்சி ஓட்டத்திலேயே தெருநாய் ஒன்று பாதைக்குள் புகுந்து, சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சோழவரத்தில் நின்று பழகிய எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலைகளிலேயே இரவு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. மாமா தொலைக்காட்சியில் பார்த்தார். ஓட்டியவர்கள் யாரென்று அவர் கவனிக்கவில்லை. தடுப்புச் சுவருக்குப் பின்னே நின்ற உடைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல துணி" என்றார்.

பதினான்காம் எண் என்னாயிற்று என்று அன்று பரணடியில் கேட்டேன். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. எஞ்சின் நின்டுபோச்சு. அந்தக் கோடி வளைவுல எறங்கித் தலைக்கவசத்தக் கழட்டி வச்சுட்டு உக்காந்துட்டாப்ல. அங்க நின்ட பயக தண்ணி குடுத்தாங்களாம்."

செம்பட்டிப் பேருந்து நிலையத்தருகே உள்ள கடையில் தாளை நகலெடுக்கக் கொண்டுபோனேன். பென்சில் எழுத்து மங்கலாக இருந்ததால் முதல் பிரதியில் கட்டங்கள் மட்டும் விழுந்தன, எண்கள் விழவில்லை. கடைக்காரர் மையைக் கூட்டி வைத்து இன்னொன்று எடுத்தார். மூன்றாவது பிரதியில் பாதிக்கு மேல் படிக்க முடிந்தது. எழுதியவர் பெயரையும் தேதியையும் அதன் பின்புறத்தில் நானே பேனாவால் எழுதிக்கொண்டேன். மூலத்தை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.